டாக்டர் அருளம்பலம் சொல்லட்டும்

சின்னையா அந்தப் புத்தகத்தைத் தோள் துண்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு விறாந்தையில் சாய்வு நாற்காலியில் கனகலிங்கம் அரைத் தூக்கத்தில் கிடந்த நேரம். படிக்குக் கீழே யாரோ செருமுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். ரயில்பாதை வேலைக்காரன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வெயிலில் கறுத்த தோள், மணிக்கட்டுவரை தார்க்கறை, இடது காலைச் சாய்த்து நிற்கிற நிலை. ஆஸ்பத்திரிக் கிராணியான தன்னிடம் சிபாரிசு கேட்டு வந்தவனாக இருக்கும், வேலை நாளில் வரச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயெடுத்தவர், துண்டுக்குள்ளிருந்து புத்தகம் வெளியே வந்ததும் எழுந்து நேராக உட்கார்ந்தார். அது அவருடைய ஒன்பதாவது நாவல். அட்டை கிழிந்து, ஓரங்கள் மடங்கி, பக்கமெல்லாம் எண்ணெய் விரல் பட்டுக் கிடந்தது. ஓர் எழுத்தாளனுக்குத் தன் புத்தகத்தை இந்தக் கோலத்தில் பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படி வாசகர்கள் தேடி வருவது அவருக்குப் புதிதல்ல. கிள்ளானிலிருந்து ஒருவர் வாழைக்குலையோடு வந்திருக்கிறார். ரவாங்கிலிருந்து வந்த ஒரு கடைக்காரர், கதாநாயகன் டாக்டர் அருளம்பலம் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவே மாட்டாரா என்று மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்படி வருகிறவர்களிடம் அடக்கமாகப் பேசுவதற்கென்றே கனகலிங்கம் ஒரு குரல் வைத்திருந்தார்.

"ஐயா, இத எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஓம், நான்தான்" என்றார் அந்தக் குரலில்.

"இதுல ஒருத்தன் பொண்டாட்டியக் கொன்னு ஆத்துல போடுறான் பாருங்க. அது நான்தாங்களாம்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் கனகலிங்கத்துக்குச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும். யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னான். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி மீனலோசனியின் கை ஓய்ந்தது அவருக்குக் கேட்டது.

டாக்டர் அருளம்பலம் யார் என்று அந்த நாளில் கோலாலம்பூர்த் தமிழரிடம் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். பிரேதங்களைப் பரிசோதித்துக் குற்றவாளியைப் பிடிக்கிற டாக்டர். உயிரோடிருக்கிற யாரிடமும் அதிகம் பேச மாட்டார். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவர் பிரேதத்தின் நகத்தைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், காதோரம் ஒட்டியிருக்கும் மண்ணை முகர்ந்து பார்ப்பார், பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே கொலைகாரனின் பெயரைச் சொல்லுவார். ஒன்பது நாவலிலும் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வரிசையின் உயிர்நாடியே அதுதான். புத்தகத்தை அச்சடித்து விற்ற தம்புசாமி ஒவ்வோர் அட்டையிலும், "பிரேதப் பரிசோதனைச் சாலையில் நேரில் கண்டவர் எழுதுவது" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார். முடி திருத்தும் கடையிலும் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களிலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டவர்கள் மறுநாள் வேலையிடத்தில் போய்ச் சொன்னார்கள், சொல்லும்போது சற்றுச் சேர்த்தும் சொன்னார்கள்.

நேரில் கண்டவர் என்பது முழுப் பொய்யுமல்ல. கனகலிங்கம் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்கார டாக்டர் துரை பிரேதத்தை அறுத்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இங்கிலீசில் எழுதிக்கொள்வதும் அவர் வேலையில் சேர்த்தி. வந்த புதிதில் மயங்கி விழுந்திருக்கிறார். பிறகு பழகிவிட்டது. பழகியபின் கண் சும்மா இருக்கவில்லை. துரை சொல்லாத சில்லறை விஷயங்களைக் கண் பொறுக்கிக்கொண்டது, அவையே வீட்டுக்கு வந்து நாவலாயின.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் பவுனம்மாள் என்கிற பெண்ணின் உடல் வந்தது. பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால், ரயில்வேக் கூலிகளின் லயத்தை ஒட்டி ஆறு திரும்புகிற இடத்தில் எடுத்திருந்தார்கள். நுரையீரல் நிறையத் தண்ணீர், மூடிய கைக்குள் ஆற்றுப் புல். கால் வழுக்கி விழுந்து மூழ்கிய சாவு என்று துரை சொன்னார், மாஜிஸ்திரேட்டும் அப்படியே தீர்த்தார். கனகலிங்கத்தின் கண் மட்டும் கழுத்தில் நின்றுவிட்டது. நைந்துபோன சேலை, ஒட்டுப்போட்ட ரவிக்கை, ஆனால் தாலிக்கயிறு புத்தம் புதியது. தண்ணீரில் கிடந்தும் மஞ்சள் விடவில்லை. இத்தனை ஏழைப் பெண்ணின் கழுத்தில் ஏன் புதுக் கயிறு? வெளியே அடையாளம் காட்ட வந்த புருஷன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனதையும் பார்த்தார். வீட்டுக்கு நடக்கும்போதே கதை முழுதும் வந்துவிட்டது. புருஷன் பழைய கயிற்றாலேயே நெரிக்கிறான், கயிறு அறுந்துபோகிறது, அறுந்த கயிறு காட்டிக் கொடுக்குமென்று பிணத்தின் கழுத்தில் புதுக் கயிற்றைக் கட்டி ஆற்றில் தள்ளுகிறான். நிஜப் பிணத்தில் இல்லாத ஒரு மெல்லிய கோட்டை நாவல் பிணத்தின் கழுத்தில் வரைந்துகொண்டார். யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று புருஷனுக்கு முனியன் என்று பேர் வைத்தார், மாசத்தையும் மாற்றினார். பனியும் அதிகாலைச் சங்கும் வர்ணனைக்குத் தோதாக இருக்குமென்று மார்கழியாக்கினார். லயமும், ஆறு திரும்புகிற இடமும், சாய்ந்த காலும், ஒரு சின்னப் பெண் குழந்தையும் அப்படியே நின்றுவிட்டன. அவற்றை மாற்ற வேண்டுமென்று அவருக்குத் தோன்றவேயில்லை.

இதையெல்லாம் அவர் சின்னையாவிடம் சொல்லவில்லை. கதை என்பது கற்பனை, கற்பனைக்கும் நடப்புக்கும் சம்பந்தமில்லை என்று கொஞ்ச நேரம் பேசினார். சின்னையா கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். பிறகு தன் பங்கைச் சொன்னான். பவுனு செத்தபோது யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. புத்தகம் வந்து, முடி திருத்தும் கடையில் வாசித்த மறுநாளிலிருந்துதான் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டார்கள். அதுகூடப் போகட்டும். பவுனுவின் அண்ணன் அய்யாவு டெங்கில் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். அங்கே லயத்தில் புத்தகம் வாசிக்கிறவனே அவன்தான். தன் வாயாலேயே தன் தங்கச்சி சாவை வாசித்தான். முடித்த கையோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, சின்னையாவின் மகள் தனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆறு வயசுப் பிள்ளை.

"நீர் தடுக்கேல்லையோ?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"தடுத்தா கைகலப்பாயிருக்கும்ங்க. பாத்தியா, கை நீட்டுறவன்தான்னு சொல்லியிருப்பாங்க."

 கனகலிங்கத்துக்குள் இருந்த இரக்கம் ஒரு பக்கம் எழுந்தாலும் இன்னொரு பக்கம் டாக்டர் அருளம்பலமும் எழுந்தார் என்பதை மறைப்பதில் பயனில்லை. இரண்டு வருஷமாக மனசுக்குள் முடிந்து வைத்திருந்த வழக்கு, சந்தேகப்பட்ட ஆள் எதிரே. ஒரு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டால் என்ன? அப்படியானால் மனுசியின் கழுத்தில் கயிறு ஏன் புதிதாக இருந்தது என்று, முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார். நாவலில் இந்தக் கேள்விக்கு முனியன் வெலவெலத்துப் போவான்.

சின்னையாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் விழித்தான்.

"அன்னிக்கு ஆடிப் பதினெட்டுங்களே ஐயா. ஆத்துக்குப் போயி மாத்திக்கத்தானே விடிய முந்தியே போனா."

கனகலிங்கம் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறு கிடையாது. ஆடி பிறந்தால் கூழ் காய்ச்சுவார்கள், கொழுக்கட்டை அவிப்பார்கள், அவ்வளவுதான். தாலி என்றால் அவருக்குத் தெரிந்தது மீனலோசனியின் கழுத்தில் கிடக்கும் பவுன் கொடி, அவருடைய அம்மாவின் கழுத்தில் கிடந்த பவுன் கொடி. அதை ஆறு பார்த்துப் போய் மாற்றுகிற பேச்சே இல்லை. புதுப் புனல் வருகிற நாளில் பெண்கள் ஆற்றங்கரையில் கூடிப் பழைய மஞ்சள் கயிற்றைக் கழற்றித் தண்ணீரில் விட்டுப் புதியதைக் கட்டிக்கொள்வார்கள் என்பது, இருபது வருஷமாக இந்தியாவிலிருந்து வந்த இந்த மக்களுக்கு நடுவில் குடியிருந்தும் அவர் காதில் விழுந்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து மீனலோசனி பேசினாள்.

"பக்கத்து வீட்டு இராஜம்மாக்காவும் அண்டைக்குத்தான் கயிறு மாத்திறவ. நானும் ஒருக்கால் கூடப் போனனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அவள் அவருடைய நாவல் ஒன்றைக்கூட வாசித்ததில்லை. பிணக்கதை வாசித்தால் சோறு இறங்காது என்பாள். அதற்காக அவர் பலதடவை அவளைக் கேலி செய்திருக்கிறார். அன்றைக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை.  எந்த மாசத்தில் நடந்தால் அது ஒன்றுமேயில்லாத விஷயமோ அந்த மாசத்தை அடித்துவிட்டு, தாலிக்கயிற்றில் யாரும் கை வைக்காத மார்கழியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். வாசித்துக் கேட்ட ஒவ்வொருவனுக்கும் அந்தப் புதுக் கயிறு எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் டெங்கிலுக்குப் போனார்கள். காஜாங்வரை ரயில், பிறகு கோழிக்கூடைகளுக்கு நடுவே பஸ், பிறகு ரப்பர் மரங்களுக்கூடே செம்மண் பாதையில் நடை. நான் நேரில் வந்து நாலு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று கனகலிங்கம் வழியெல்லாம் சின்னையாவுக்குத் தைரியம் சொன்னார். எழுதினவனே வந்து பிழை என்று சொன்னபிறகு யார் மறுக்க முடியும்?

அய்யாவு சின்னையாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் வந்திருப்பவர் யாரென்று தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. லயத்தில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பெண்சாதி மாரியாயியை விரட்டி டப்பாப்பால் காப்பி போடவைத்தான். அக்கம்பக்கத்து ஆட்கள் கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள், டாக்டர் அடுத்து எந்த ஊருக்கு வருகிறார் என்று ஒருவர் கேட்டார். கனகலிங்கம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த நாவல் முழுக்கத் தன் கட்டுக்கதை என்றும், கயிறு விஷயத்தில் தான் விஷயம் தெரியாமல் எழுதிவிட்டதாகவும், பவுனம்மாள் வழுக்கி விழுந்துதான் செத்தாள் என்பதை ஆஸ்பத்திரியில் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அய்யாவு தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான்.

"பேர மாத்துனீங்க, மாசத்த மாத்துனீங்க. எதுக்குங்கய்யா மாத்துனீங்க? உள்ளது வெளிய தெரியப்படாதுன்னுதானே? ஐயா நல்ல மனுசன். இவன் வந்து அழுதிருப்பான், எளகிட்டீங்க. டாக்டரு அப்படி எளகுற ஆளு இல்லீங்களே."

"தம்பி, டாக்டர் எண்டு ஒருத்தர் இல்லை. நான்தான் எழுதிறன்."

"இருக்கட்டுங்க. நீங்க சொல்றது வேற, டாக்டரு சொல்றது வேற. டாக்டர் அருளம்பலம் சொல்லட்டும். அன்னிக்கே பிள்ளைய நான் விட்டுர்றேன். சத்தியம்."

சுற்றி நின்றவர்கள் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். தனத்தை யாரோ பின்பக்கம் கூட்டிப் போயிருந்தார்கள். சின்னையா லயத்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நின்றதுதான் மிச்சம். திரும்பி வரும் பஸ்ஸில் கனகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது, அதற்குள் வேறொன்றும் இருந்தது. கட்டுக்கதை என்று சொன்னார், தெரியாமல் எழுதினதைச் சொன்னார், கண்ணால் பார்த்ததைச் சொன்னார், ஒன்றும் எடுபடவில்லை. தான் பெற்றெடுத்து, தான் சட்டை மாட்டிவிட்டு, தான் பேச்சுச் சொல்லிக் கொடுத்த ஒரு ஆள் தன்னைவிடப் பெரிய மனுசனாகிவிட்டதில் அவருக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆக, பத்தாவது நாவலில் டாக்டர் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடலாம், ஆனால் பிழைவிட்டேன் என்று டாக்டர் எப்படிச் சொல்வார்? கனகலிங்கம் அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். டாக்டர் பிழைவிடவில்லை, ஏமாற்றப்பட்டார். மகா சூழ்ச்சிக்காரன் ஒருவன் புருஷன்மேல் பழி விழும்படி தடயங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறான், டாக்டர் அவனையும் கண்டுபிடித்துவிடுகிறார். டாக்டரின் மானமும் போகாது, சின்னையாவுக்கும் விடுதலை. சூழ்ச்சிக்காரனாக ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் ஒரு டோபியை வைத்தார். எழுதி முடித்தபின் என்ன தோன்றிற்றோ, மீனலோசனியை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பிணத்தை அறுக்கிற இடத்தில் மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த ஆத்தங்கரையில உண்மையாவே ஒரு டோபி இருக்கிறானெல்லோ?" என்றாள் கடைசியில்.

இருந்தான். இவர்கள் வீட்டுத் துணியையும் அவன்தான் எடுத்துப் போகிறான். கனகலிங்கம் தாள்களை மடித்து மேசைக்கடியில் போட்டார். டோபியைக் கடைக்காரனாக மாற்றினால் ஒரு கடைக்காரன் இருப்பான், காவல்காரனாக மாற்றினால் ஒரு காவல்காரன். ஆற்றங்கரையில் யாரை நிறுத்தினாலும் அந்த இடத்தில் ஒரு நிஜ மனிதன் நின்றுகொண்டிருந்தான். கொலைகாரன் இல்லாத துப்பறியும் நாவல் எழுதுவதைத் தவிர வழியில்லை என்று ஏற்றுக்கொள்ள அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன.

அதை எழுதினார். மாசத்தைத் திரும்ப ஆடியாக்கினார். டாக்டர் அருளம்பலம் வேறேதோ காரியமாக ஆற்றங்கரைப் பக்கம் போகிறார், பெண்கள் புதுக் கயிறு கட்டிக்கொள்வதைப் பார்க்கிறார், நடந்த நடையில் அப்படியே நிற்கிறார். பிறகு சிறைக்குப் போய் முனியனின் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் பிழைவிட்டேன். யாரும் கொல்லவில்லை. அவள் வழுக்கி விழுந்தாள்" என்று சொல்கிறார். அந்த மூன்று வாக்கியத்தையும் எழுதுகிறபோது கனகலிங்கத்துக்குக் கை கூசிற்று. பல தடவை அடித்து அலங்காரமாக மாற்றிப் பார்த்தார். அலங்காரம் கூடக்கூட டாக்டர் ஏதோ மழுப்புகிற மாதிரிப் பட்டது. கடைசியில் முதலில் எழுதியதையே வைத்தார். எழுதியபிறகு அழுகை வந்தது. ஏன் அழுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை, அதனால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

தம்புசாமி வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இத்தனை வருஷமாக வளர்த்த டாக்டரை இப்படி நடுத்தெருவில் நிறுத்துவதா, கடைசி அத்தியாயத்திலாவது ஒரு சின்னக் கொலை வைக்கக் கூடாதா என்று கெஞ்சினார். கனகலிங்கம் மசியவில்லை. தம்புசாமியும் லேசுப்பட்டவரல்ல. ஒரு சொட்டு இரத்தம் இல்லாத அந்தப் புத்தகத்துக்கு, இரத்தம் வழிகிற கத்தியைப் பிடித்த கை ஒன்றை அட்டையில் போட்டு வெளியிட்டார்.

புத்தகம் விற்கத் தொடங்கிய வேகத்திலேயே விற்பனை நின்றது. கிள்ளான் வாழைக்குலைக்காரர் வீடு தேடி வந்து, சொந்த வீட்டில் துக்கம் நடந்ததுபோல உட்கார்ந்துவிட்டுப் போனார். முடி திருத்தும் கடையில் இரண்டு கட்சியாகிவிட்டது. டாக்டருக்கு வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்றார்கள் சிலர். எதிரிகள் டாக்டரை மிரட்டி அப்படிச் சொல்லவைத்திருக்கிறார்கள், பதினோராவது புத்தகத்தில் அது வெளிவரும் பாருங்கள் என்றார்கள் மற்றவர்கள். சின்னையாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்டவாளத்தில் பக்கத்தில் வேலை செய்கிறவன் ஒரு நாள் அவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டான். அதை வந்து சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக் கனகலிங்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் டெங்கில் பஸ்ஸோட்டி மூலம் செய்தி வந்தது. அய்யாவு வாசித்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிப் போகலாம். சின்னையா புதுச் சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததும் கனகலிங்கத்தின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். ஐயா கூட வந்தால்தான் விடுவான் என்று அவனுக்குப் பயம். மீனலோசனி பிள்ளைக்கென்று பணியாரம் கட்டிக் கொடுத்தாள்.

அய்யாவு சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் இந்தத் தடவை நாற்காலியைத் துடைத்துப் போடவில்லை, ஆட்களும் கூடவில்லை. டாக்டர்மேல் உள்ள மனத்தாங்கல் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. சின்னையாவிடம் மட்டும், "மாப்பிள்ள, மனசுல வச்சுக்காதீங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். இரண்டு மூன்று வருஷத்துக்குள் தன் பெண்சாதியைப் பறிகொடுத்து, பிறகு பிள்ளையையும் பறிகொடுத்த மனிதன் அதற்குத் தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

மாரியாயி பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, இறுக்கிப் பின்னி, கையில் ஒரு சின்னத் துணிமூட்டையைக் கொடுத்து வைத்திருந்தாள். தனம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரே சொல்லிட்டாரு. அப்பாகூடப் போ தாயி" என்றான் அய்யாவு.

பிள்ளை நிலையை விட்டுவிட்டு வெளியே வந்தது. சின்னையா உட்கார்ந்து கையை நீட்டினான். அது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய அந்த இரண்டு கையையும்தான் பார்த்தது, வெகுநேரம் பார்த்தது. பிறகு மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தன் கைகளை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டது. மாரியாயி கனகலிங்கத்தின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

"போன புஸ்தகத்த இதுவும் உக்காந்து கேட்டுச்சுங்க. ரெண்டு தடவ. இந்தப் புஸ்தகத்த வாசிக்கிறப்ப தூங்கிப்போச்சு."

 சின்னையாவுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்து, "வாம்மா" என்று மட்டும் சொல்லி நடக்கத் தொடங்கினான்.

பஸ் நிற்கிற முச்சந்திவரை ரப்பர் மரங்களுக்கூடே நடக்க வேண்டும். இலையுதிர்கிற காலம், பாதையெல்லாம் சருகு மூடிக் கிடந்தது. சின்னையா முன்னால் போனான். பின்னால், ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இடம்விட்டுப் பிள்ளை போயிற்று. எல்லோருக்கும் பின்னால் குடையும் பணியாரப் பொட்டலமுமாகக் கனகலிங்கம். சின்னையா திரும்பிப் பார்த்தான். பிள்ளை நின்றுவிட்டது. அவன் சிரித்துப் பார்த்தான், அது அசையவில்லை. அவன் முன்னால் திரும்பி நடந்த பிறகுதான் அதுவும் நடந்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி திரும்பினான். மறுபடி நின்றது. கனகலிங்கம் பின்னாலிருந்து ஏதாவது சொல்ல நினைத்தார். இந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒரு வார்த்தை அவருக்கும் வரவில்லை, டாக்டருக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு சின்னையா திரும்பவில்லை. பார்வையை நேரே வைத்துக்கொண்டு, நடையைத் தளர்த்தி, தலையை ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்துக்கொண்டு போனான். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் நின்றால் அவனும் நின்றான். கேட்டதும் நடந்தான்.